வண்டிக்கு டர்போ மாற்றியாகிவிட்டது, அத்தான்

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் டீசல் வாடை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நம் வீட்டு வாசலில் சில மாதங்களாக அதுதான். உங்கள் காருக்கு டர்போ போய்விட்டது. போன வாரம் மாற்றினோம். எதைப் போடுவது என்று முடிவு செய்தது நான். சிரிக்காதீர்கள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளுக்கு, புகையில் சுற்றி எஞ்சினுக்கு இழுவை கொடுக்கிற ஒரு சின்னக் காற்றாடி புரியாமல் போய்விடுமா?

வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்க எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது. இந்தத் தடவை யாரும் கேட்காமலேயே சொல்கிறேன். சாத்தூரிலும் சிவகாசியிலும் இதைப் படிக்கிற பல வீடுகளுக்கு நான் சொல்லப் போவது புதிதாகவும் இருக்காது.

நம் பிள்ளை அருள் இப்போது உங்கள் நாற்காலியில்தான் இருக்கிறான். ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம், நீங்கள் ஃபோர்மேனாக இருந்த அதே பட்டாசு ஆலையில். மருமகளுக்கு மதுரையில் நர்ஸ் வேலை. பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போவார்கள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அவனும்தான். தினமும் காலையில் உங்கள் காரில் போகிறான், சாயங்காலம் வருகிறான்.

ஆலை கேட்டுக்கு முன்னால் நீங்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் இருக்கிறது. சைலன்சரில் தீப்பொறி தடுக்கும் மூடி இல்லாத வண்டி அதைத் தாண்டக் கூடாது, முதலாளி வண்டியாக இருந்தாலும். மழையில் கரைந்தால் அருள் தன் கையாலேயே மறுபடி போடுகிறான். நம் வண்டிக்கு மூடி கிடையாது. எப்போதும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கும்.

போன தீபாவளி சீசனில், வெடிமருந்து செலுத்துகிற அறை ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தது முத்துமாரி ஒருத்திதான். உங்களுக்குத் தெரியும் அவளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உரசினால் பொறி தெறிக்கும் என்று தெரியாமல் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உங்களிடம் ஏச்சு வாங்கினாளே, அவள். பெட்ஷீட்டில் போட்டு அவளைக் கோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். அருள் வண்டியைத் திருப்பி, கோட்டுக்கு வெளியே கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.

அன்றைக்கும் அவன் தாண்டவில்லை. பக்கத்து அறைகளில் மருந்து இருந்தது, அத்தனை பெண்கள் இன்னும் வெளியே ஓடி முடிக்கவில்லை. சரியாகத்தான் செய்தான். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சரியாகச் செய்த ஒன்று ஒரு மனிதனை இப்படி அரிக்கலாமா அத்தான்?

சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வெம்பக்கோட்டை தாண்டி ஒரு மேடு. முன்னால் லோடு லாரி. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தானாம், வண்டி இழுக்கவில்லையாம். லாரி பின்னாலேயே ஊர்ந்து போயிருக்கிறார்கள். முத்துமாரி மறுநாள் போய்விட்டாள். டாக்டர் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார், "இன்னும் சீக்கிரம் வந்திருந்தாலும் இதேதான் சார்." அவன் காதில் அது ஏறவில்லை. மேட்டில் ஊர்ந்தது மட்டும்தான் ஏறியது.

அன்றிலிருந்து அவன் ஓட்டுவதே வேறு. தெருமுனையில் திரும்பும்போதே ஊய் என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு சரோஜா, "டீச்சர், உங்க வீட்டுக் குக்கர் வருது பாருங்க" என்பாள். நானும் சிரித்தேன். பிறகு நீலப் புகை வந்தது. விருதுநகர் பைபாஸில் மெக்கானிக் பால்பாண்டி கழற்றிப் பார்த்துவிட்டு, டர்போவின் தண்டு ஆடுகிறது, உள்ளே எண்ணெய் கருகிக் கிடக்கிறது என்றான். விரட்டி வந்த சூட்டோடு டக்கென்று அணைத்தால் அப்படித்தான் ஆகுமாம்.

அருளுக்கு அது நல்ல செய்தி மாதிரி இருந்தது. சாப்பிடும்போது போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதப் பாரும்மா. பெரிய டர்போ. கோயமுத்தூர்ல செஞ்சு தர்றாங்க. கம்ப்யூட்டர்லயும் மாத்தி விட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

"தினம் ஆலைக்குப் போய் வர்ற வண்டிக்கு எதுக்குலே அது?"

"அடுத்த தடவை அந்த மேட்டுல நிக்காது."

அடுத்த தடவை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான் அத்தான். மழை வரும் என்று சொல்வது போல.

நான் கரண்டியை வைத்துவிட்டேன். "வேலைய விட்டுரு அருளு" என்றேன்.

"நான் விட்டா அந்த நாற்காலில வேற ஒருத்தன் வந்து உக்காருவான். கோடு கரைஞ்சா அவன் மறுபடி போடுவானா?"

உங்கள் குரல் அது. அச்சு அசல் உங்கள் குரல்.

அந்த வாரம் முத்துமாரியின் அக்கா பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தாள். அவளும் அதே ஆலையில்தான். வண்டியில் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு போனவள் அவள். காரில் கிடந்து, அன்றைக்குத் தங்கைக்குப் போர்த்திய துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கறை போகவில்லை என்று அதற்கு வேறு வருத்தப்பட்டாள்.

"இருக்கட்டும், உக்காரு. காப்பி குடி" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சரம்மா. தம்பி நல்லா இருக்காகளா? ஆலையில ஆளே சரியில்ல. சாப்பாட்டு வாளியத் தொறக்கிறதே இல்ல."

வண்டி இழுக்காததுதான் அவனைத் தின்கிறது என்றேன். அவள் அந்தத் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவ வேகமாப் போகச் சொல்லல டீச்சரம்மா. 'அக்கா, மெதுவாப் போகச் சொல்லு, குலுங்குது'ன்னா. வழியெல்லாம் அதேதான் சொல்லிக்கிட்டு வந்தா. நானும் தம்பிகிட்டச் சொன்னேன். அந்த மேட்டுல ஊர்ந்தோம் பாருங்க, அங்கனதான் அவ கொஞ்சம் வாய மூடிக் கெடந்தா."

"அருளுக்குக் கேட்டுதா?"

"கேக்காம என்ன? கண்ணாடில என்னையப் பாத்தாக. கேட்டு அவுக என்ன செய்ய முடியும்? உசுருன்னா வெரட்டத்தான செய்வாக."

அவள் போன பிறகு அந்தத் துண்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அலமாரியில் உங்கள் துணிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அருள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. லாரியைச் சொன்னான், மேட்டைச் சொன்னான், இழுக்காத எஞ்சினைச் சொன்னான். அவள் கேட்டதைச் சொல்லவில்லை. அவன் ஏன் ஒரு இரும்புத் துண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது ஒன்றைத்தான் கழற்றி வேறு மாட்ட முடியும்.

மறுநாள் பஸ்ஸைப் பிடித்து நானே பால்பாண்டியிடம் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பெரிய டர்போவைப் பற்றி மாப்பிள்ளைக்குப் பெண் பேசுகிற மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணன் சொன்னதையே போட்டுருவோம் டீச்சரம்மா. ஏறிருச்சுன்னா முதுகுல ஒரு குத்து குத்தும் பாருங்க, சீட்டோட ஒட்டிக்கிருவீக."

"எப்ப ஏறும்?"

"எஞ்சின் நல்லா சுத்து எடுத்த பிறகு."

"அதுக்கு முன்னால?"

"முன்னால கொஞ்சம் யோசிக்கும். பெரிய காத்தாடில்ல? சுத்த நேரம் ஆகும்."

"ஊருக்குள்ளயும் மேட்டுலயும் லாரி பின்னாலயும் யோசிச்சுக்கிட்டே நிக்கும். அப்புறம் குத்தும். அப்படித்தானே?"

தலையைச் சொறிந்தான். "அப்படிக் கேட்டா... அப்படித்தான்."

"யோசிக்கிற பயல்களுக்கு நான் நிறையப் பாடம் நடத்தியாச்சு பால்பாண்டி. வண்டியாவது யோசிக்காம இருக்கட்டும். பின் சீட்டுல ஒருத்தரப் படுக்க வச்சிருந்தா குலுங்காம இழுக்கணும். அதுக்கு என்ன போடணும்?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பழைய அளவிலேயே, உள்ளே பேரிங் மட்டும் நல்ல ரகம், காற்றாடி கொஞ்சம் லேசானது ஒன்று இருக்கிறது என்றான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பிடித்துக்கொள்ளுமாம். வேகம் கூடினால் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். ஏற்கெனவே இருந்ததைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

"அதப் போடு. கூடவே சைலன்சருக்குத் தீப்பொறி மூடி."

"அத மாட்டுனா இழுவை கொஞ்சம் கொறையுமே?"

"தெரியும். மாட்டு."

மாட்டிவிட்டான். இனி உங்கள் கோட்டை அந்த வண்டி தாண்டலாம் அத்தான், நீங்கள் போட்ட விதிப்படியே. டிக்கியில் துவைத்த பருத்தி விரிப்பு வைத்திருக்கிறேன். பின் சீட்டுக்குக் கெட்டியான உறை தைத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தாய் தன் மகனுடைய வண்டியை எதற்காகத் தயார் செய்திருக்கிறாள் பாருங்கள். நானும் இப்போது அடுத்த தடவை என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து அருள் சாவியை மேஜையில் போட்டான். "பழசு மாதிரியேதான்மா இருக்கு. எதுக்கு இதப் போடச் சொன்னே?"

"குலுங்காது" என்றேன்.

அவன் அப்படியே நின்றான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்தது. அழுவான் என்று நினைத்தேன். நல்லது என்றும் நினைத்தேன். அவன் செருப்பைக் கழற்றி, நேராக வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டான். தண்ணீர் சத்தம் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்து, "சட்னி இருக்கா?" என்றான். அதோடு சரி.

பால்பாண்டி ஒன்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினான். வந்து நின்றதும் அணைக்கக் கூடாது, சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் அணைக்க வேண்டும் என்று. நீங்கள் அதைத் தவறாமல் செய்வீர்கள். வாசலில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். "எதுக்கு இம்புட்டு நேரம்?" என்று கேட்டால், "டர்போவுக்காக" என்பீர்கள். ஆலையில் எவனாவது மருந்துப் பொட்டலத்தைத் தரையில் உரச இழுத்துப் போட்டிருப்பான், எவளாவது மருந்து அறைக்குள் செருப்போடு போயிருப்பாள், ஏதோ ஒன்று நூலிழையில் தப்பியிருக்கும். அன்றைக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருப்பீர்களோ? நான் டர்போ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் படுக்கையில், என் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். உங்கள் வேலையில் இருந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

அருளுக்கு அப்படி உட்காரத் தெரியவில்லை. இப்போதும் வந்த வேகத்தில் அணைத்துவிட்டு இறங்குகிறான். இந்த டர்போவும் அதிக நாள் தாங்காது. சீசன் நெருங்குகிறது. ஆர்டர் குவிகிறதாம், ஆள் போதவில்லையாம். காலையில் அவன் வண்டி எடுக்கும் சத்தம் தேய்வது வரைக்கும் நின்று கேட்கிறேன். பிறகு நாள் முழுக்க, தூரத்தில் எது சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம், வண்டி வாசலில் திரும்பியதும் நான் இறங்கிப் போய், அவன் சாவியில் கை வைப்பதற்குள் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மா உட்கார்ந்திருக்கும்போது இறங்கிப் போகிற மாதிரி நாம் அவனை வளர்க்கவில்லை. "என்னம்மா?" என்றான். "டர்போவுக்காக" என்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவனே அணைத்தான்.

நேற்றும் உட்கார்ந்தேன். நேற்றும் அவன் பேசவில்லை.

அவனை அந்த ஆலையிலிருந்து வெளியே கொண்டுவருவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. நடக்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இதை மட்டும் கொடுக்கிறேன். அவன் திரும்பி வருகிற ஒவ்வொரு சாயங்காலமும், என் முழங்கால் இடம் கொடுக்கும் வரை, அந்த முன் சீட்டில் நான் ஏறி உட்கார்ந்திருப்பேன். அவன் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

இதோ, தெருமுனையில் திரும்புகிறான். இப்போது விசில் சத்தம் இல்லை. நான் போகிறேன் அத்தான்.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி, அருளின் அம்மா
ரோஸ்மேரி