தெயோதோரோவின் மூன்றாவது மேசை

அக்டோபர் 26

என் தோழி பசிலியாவின் கணவர் தெயோதோரோ இறந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு நவம்பரிலும் போகவில்லை. இந்த வருடம் போகிறேன்.

எழுதி வைத்தால் பின்வாங்க மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். செத்தவருக்குப் படையல் மேசை போடுவது மூன்று வருடம்தான். இது மூன்றாவது. நவம்பர் ஒன்றாம் தேதி நண்பகலில் ஆத்மா வரும், இரண்டாம் தேதி நண்பகலில் கிளம்பிவிடும். அதோடு வழியனுப்பு முடிந்தது. பிறகு நான் யார் முன்னால் நின்று செபம் சொல்வது?

போகாததற்குக் காரணம் சீசன். மேசைக்கு வைக்கிற ரொட்டிப் பொம்மைகளில் பதிக்கும் சின்னச் சின்ன முகங்கள், மெழுகுவர்த்தி, காகித மலர்வளையம் எல்லாம் எங்கள் ஊர் எல் ஆல்தோவில் என்னிடம்தான் மொத்தமாக வாங்குகிறார்கள். ஊரில் பாதி வீட்டு மேசையில் என் சரக்கு இருக்கிறது. பசிலியா வீட்டு மேசைக்கு முன்னால் மட்டும் நான் இல்லை.

அக்டோபர் 28

போன் செய்தேன். "வரேன்டி" என்றேன். "பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

இவளா இப்படி? ஞாயிற்றுச் சந்தையில் ஒரே போர்வையை விரித்து, பாதியில் அவள் காலுறை, பாதியில் என் மெழுகுவர்த்தி என்று ஆறு வருடம் உட்கார்ந்தோம். நான் மூத்திரம் போய்விட்டு வருவதற்குள் என் சரக்கையும் விற்று வைத்திருப்பாள், என்னைவிட நல்ல விலைக்கு. பிறகு புருஷனின் ஊர் என்று துப்பீசாவுக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடம் ஆகிறது.

அக்டோபர் 30

தெயோதோரோவுக்கு நானே ஒரு ரொட்டி ஆள் சுட்டேன். இருப்பதிலேயே நல்ல முகமாகப் பொறுக்கி வைத்தேன், அவரைப் போலவே அடர்ந்த மீசையோடு.

வண்டியில் எட்டுப் பெட்டி மெழுகுவர்த்தி, நூற்றிருபது வளையம் ஏற்றியாயிற்று. எண்ணூறு கிலோமீட்டர் காலி வண்டியா ஓட்டுவது?

ஓட்டப்போவது என் கொழுந்தன் இலாரியோன். "மதனி, நாம துக்கம் கேக்கப் போறோமா, சந்தைக்குப் போறோமா?"

"ரெண்டும் ஒரே ரோட்லதான்டா இருக்கு. கயித்தை இறுக்கிக் கட்டு."

அக்டோபர் 31, ஒருரோ

மெழுகுவர்த்தி பாதி விற்றுப் போயிற்று. குளிர் காற்று.

நவம்பர் 1, பொத்தோசி

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள், அவரவர் ஆத்மாவை வரவேற்க. என் முன்னால் ஒருவரும் இல்லை. அந்தப் பத்து நிமிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. துப்பீசாவில் அவர் இப்போது வந்து உட்கார்ந்திருப்பார். பசிலியா அவருக்குச் சோளச் சாராயம் ஊற்றியிருப்பாள்.

இன்றைக்கே போயிருக்கலாம். போகலாமே என்று இலாரியோனும் சொன்னான். நாளைக் காலை கிளம்பினால் பத்தரைக்கெல்லாம் அங்கே இருக்கலாம் என்று கணக்குச் சொன்னேன். என் கணக்கு தப்பாது.

நவம்பர் 2, துப்பீசா

தப்பியது.

ஐந்துக்குக் கிளம்பினோம். ஒன்பதுக்கு வழியில் கொத்தகைத்தா ஊர். கல்லறை வாசலில் திருவிழாக் கூட்டம், ஒருத்தர் கையிலும் வளையம் இல்லை! விற்கிறவள் யாரோ வரவில்லையாம். "அரை மணி நேரம்டா" என்றேன். இலாரியோன் என்ஜினை அணைத்தான். பத்தரைக்கு ஒரு தடவை, "மதனி, அந்த மனுஷன் கெளம்பிடுவாரு" என்றான். இதோ, இதோ என்றேன். நண்பகல் மணி அடிக்கும்போது நான் ஒரு கிழவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணேன்? யாரு என் கழுத்தப் புடிச்சு விக்கச் சொன்னாங்க?

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆத்மாவை வழியனுப்பிவிட்டுக் கவிழ்த்த மேசை முற்றத்தில் கிடந்தது, நாலு காலும் மேலே. செபம் சொன்னவர்கள் அதற்குக் கிடைத்த ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பசிலியா வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வந்துட்டியா. கடைய சாத்திட்டியா?"

"வளையம் கொண்டாந்திருக்கேன், பசிலியா."

"எத்தனை மிச்சம்?"

"ஆறு."

வாயிலிருந்து வந்துவிட்டது. எண்ணிக்கை எப்போதும் என் நாக்கு நுனியில் இருக்கும்.

"வித்து மிஞ்சினதை அவரு மேல போடாதடி" என்றாள். பிறகு இலாரியோனைப் பார்த்து, "தம்பி, நீ உள்ள வா. சூப் இருக்கு."

என்னைக் கூப்பிடவில்லை. நானே உள்ளே போனேன்.

நவம்பர் 3

பாத்திரம் கழுவினோம், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய தட்டுகள் எல்லாம். அவள் தேய்த்தாள், நான் அலசினேன். பிறகு கேட்டேன், இத்தனை நாள் கேட்காததை: கடைசியில் எப்படி இருந்தார்?

சுரங்கத் தூசி நுரையீரலை அடைத்துவிட்டதாம். படுத்தால் மூச்சு வராது. நாலு மாதம் உட்கார்ந்தே தூங்கினாராம்.

"அப்ப உனக்குப் போன் பண்ணேன். 'இரு, ஆளு நிக்குது'ன்னு சொல்லி போனை மேசை மேல வச்ச. நீ பேரம் பேசுறத முழுக்கக் கேட்டேன். நல்லாதான் பேசுன. அப்புறம் போனை மறந்துட்ட."

எனக்கு ஞாபகமே இல்லை. அலசிய தட்டையே திரும்ப அலசினேன்.

அடக்கத்துக்கு வராததுக்கோ மேசைக்கு வராததுக்கோ கோபமில்லையாம். "அதுக்கெல்லாம் ஊரே வந்துச்சு."

சாயங்காலம் ரொட்டி ஆளை எடுத்துக் கொடுத்தேன், தயங்கித் தயங்கி. கையில் வாங்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இது யாருடி? அவரு மீசைய எடுத்து ஏழு வருஷம் ஆச்சு. சாகும்போது மொழுமொழுன்னு பையன் மாதிரி இருந்தாரு."

முகத்தைப் பெயர்த்து ஓரமாக வைத்தாள். காலை ஒடித்து எனக்குத் தந்தாள். காப்பியில் தோய்த்துத் தின்றோம். அப்போதுதான் அழுதாள். நானும்.

நவம்பர் 5, வழியில்

நேற்று முழுக்கப் பேரம். "மேசை முடிஞ்சுது, இனிமே எதுக்கு வருவ?" என்றாள். உன்னைப் பார்க்க என்றேன். "வாய்ல சொல்றத நான் வாங்க மாட்டேன். நாள் சொல்லு."

கார்னிவல் சமயம் என்றேன். எனக்கு அப்போது வியாபாரம் மந்தம். "தெரியும், அதான் சொல்ற" என்றாள். அப்படியானால் நீ சொல் என்றேன். அவள் கேட்டது ஆகஸ்ட், அவர் செத்த மாதம். ஆகஸ்டில்தான் நான் சீசனுக்குச் சரக்குப் பிடிக்க வேண்டும். இலாரியோன் ஓரமாக உட்கார்ந்து, "ரெண்டு பேரும் ஆட்டையா விக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் பத்து நாள் கேட்டாள், நான் மூன்று என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சந்தையில் என்னிடம் கற்றுக்கொண்ட பேர உத்தி அது. போய்க் கூட்டி வந்தேன்.

முடிவு: ஒவ்வொரு ஆகஸ்டும், ஒரு வாரம் முழுசாக. பஸ்ஸில் வர வேண்டும், கையில் ஒரே ஒரு பை.