முதலாம் திகதிக்கு ஆறு நாள் முந்தி

என் பிடிவாதக்காரத் தம்பி ராசனுக்கு,

நீ செத்து ஒன்பது மாதம். இந்த ஒன்பது மாதமும் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முற்றம் கூட்டும்போது சண்டை, அரிசி களையும்போது சண்டை. பதில் சொல்ல நீ இல்லாததால் எல்லாச் சண்டையிலும் நானே வெல்கிறேன். வென்று என்ன கண்டேன்?

இன்று என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், படலைவரை போகிறேன், திரும்பி வருகிறேன். நாளைக்கு உன் மகள் வாணி, அமெரிக்காவில் உங்கள் மாநிலத்துச் சட்டசபைக் குழுவுக்கு முன்னால் உன்னைப் பற்றிப் பேசப் போகிறாள். மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம். நீ ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கவே அரை மணித்தியாலம் எடுப்பாய். உன்னை மூன்று நிமிடத்துக்குள் எப்படிச் சொல்லி முடிப்பாள்?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் போய்ப் பேசலாமாம். மந்திரியைத் தெரிந்திருக்கத் தேவையில்லை, ஆரிடமும் கடிதம் வாங்கத் தேவையில்லை. பெயரைப் பதிந்துவிட்டு முறை வரும்வரை இருந்தால் போதும் என்று வாணி சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரல் அப்படியே உன் குரலாக இருந்தது.

அந்த நாட்டில் உனக்குப் பிடித்ததே இதுதானே? குடியுரிமை எடுத்த அன்று கையில் கொடுத்த சின்னப் புத்தகத்தை, அவர்களுடைய அரசியலமைப்பை, வேலைக்குப் போகும்போதுகூடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். சாமான் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு அது எதற்கு என்று நான் நக்கலடித்தேன். நீ விட்டுக்கொடுக்கவில்லை.

"அக்கா, இஞ்ச பொலிஸ்காரன் வந்து கதவைத் தட்டலாம். ஆனா கோர்ட்டின்ர உத்தரவு இல்லாமல் உள்ளுக்க வரேலாது. விளங்குதே? வரேலாது."

"அப்ப கள்ளன் எல்லாம் கதவைப் பூட்டிப்போட்டு இருப்பான் என்ன?" என்றேன்.

"உங்களோட கதைக்கேலாது" என்று போனை வைத்துவிட்டாய்.

எனக்குத் தெரியாமலா கேட்டேன்? பத்தொன்பது வயதில், ஆமியும் பொலிசும் ஊரைச் சுற்றிவளைத்த அன்று, இந்த வீட்டு வாசலிலிருந்துதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். அங்கே என்ன நடந்தது என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஒரு கதவைப் பற்றி நீ ஏன் அவ்வளவு கதைத்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பகிடி பண்ணினேன். அழுகையை அடக்க எனக்கு வேறு வழி தெரியாது.

விசா கிடைத்து நான் உன் வீட்டுக்கு வந்து சேர, உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் முடிந்தது. அன்றைக்கு நான் செய்த கூத்தை உனக்குச் சொல்ல வேண்டும். கிரியை முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் குசினிக்குள் நின்றேன். கதவு தட்டுகிற சத்தம். கண்ணாடியால் எட்டிப் பார்த்தால், காக்கி இல்லை, நீலம். ஆனால் பொலிஸ்.

எனக்கு ஒன்றும் யோசிக்க வரவில்லை. கை தன்பாட்டில் பாஸ்போட்டை எடுத்தது. "எல்லாரும் ஐசியை, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வாங்கோ! ஆம்பிளையள் முன்னுக்கு நில்லுங்கோ!" என்று கத்தினேன். வந்திருந்ததெல்லாம் எங்கள் யாழ்ப்பாணத் தீவுச் சனம், சுற்றிவளைப்புகளைக் கண்ட சனம். கரம்பொனிலிருந்து போன வாத்தியாரிலிருந்து உன் மச்சான்மார்வரை, ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சோற்றுக் கையோடு எழும்பி, சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். முப்பது வருடம் அமெரிக்காவில் இருந்தவர்கள்! நான் கதவை அகலத் திறந்து, "கம் சேர், கம், செக்" என்றேன்.

வாணி ஓடி வந்தாள். "மாமி! உள்ளுக்க வரச் சொல்லாதேங்கோ!"

அந்த மனிதன் உள்ளே வரவில்லை. வாசல் மிதியடியில் நின்றபடி, வேட்டியோடு நிற்கிற கிழவர்களையும் அவர்கள் கையிலிருந்த அட்டைகளையும் பார்த்தான். யாரோ ஒருவருடைய கார் பக்கத்து வீட்டுப் பாதையை மறித்து நிற்கிறதாம், அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். செத்தவீடு என்று வாணி சொன்னதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான். எங்கள் சனம் திரும்பிப் போய்ச் சாப்பிட இருந்தது. நான் மட்டும் படியிலேயே இருந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து அழுதேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே பத்து வருடம் என்னைக் கிண்டலடித்திருப்பாய்.

"எல்லா வீட்டு வாசலிலயும் இப்பிடி மரியாதையா நிக்க மாட்டினம் மாமி" என்றாள் வாணி. "இப்ப கொஞ்சப் பேர் கதவைத் திறக்கவே பயப்பிடுகினம். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் புத்தகத்தை நம்பினவர்."

நம்பினாய். கதவுக்கு நம்பினாய், சரி. உன் நெஞ்சுக்கு அந்தப் புத்தகம் என்ன செய்தது?

நீயே ஒருதரம் சொன்னாய்: "அக்கா, இஞ்ச ஜனாதிபதியை ஏசலாம். சுப்பவைசரை ஏசேலாது." பகிடி என்று நினைத்தேன். உன் தெருவில் இரண்டு மாதம் இருந்தபோதுதான் அது பகிடி இல்லை என்று தெரிந்தது. முன்வீட்டுக்காரன் நகரத் தலைவரைத் திட்டிப் பெரிய பலகை எழுதிப் புல்லுக்குள் நட்டு வைத்திருக்கிறான். ஆரும் தொடுவதில்லை. அதே மனிதன், வேலையிடத்திலிருந்து போன் வந்தால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பி நிற்கிறான். உன்னைப் பதினொரு வருட வேலையிலிருந்து நிறுத்தியதும் போனில் வந்த நாலு வரிதானாம். அந்த நாலு வரியோடு, வேலையோடு ஒட்டியிருந்த மருத்துவக் காப்புறுதியும் போய்விட்டது. இரண்டு கிழமையில் வேறு வேலை எடுத்துவிட்டாய், கெட்டிக்காரன். ஆனால் புது இடத்துக் காப்புறுதி அறுபது நாள் கழிந்து வருகிற மாதத்து முதலாம் திகதியில்தான் தொடங்குமாம்.

இதையெல்லாம் வாணி உன் குசினிக்குள் நின்றுதான் சொன்னாள். நான் வருடா வருடம் அனுப்புகிற யாழ்ப்பாணக் கலண்டர் சுவரில் தொங்கியது. அதில் அந்த முதலாம் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாய். அதற்கு ஆறு நாள் முந்தி நெஞ்சடைத்துச் செத்தாய். அவசரத்துக்குப் போனால் எந்த ஆசுபத்திரியும் துரத்தியிருக்காது, பிறகு வருகிற கணக்குக்குத்தான் அப்பா பயந்தவர், வீடு போய்விடும் என்று பயந்தவர் என்றாள் அவள். நாங்கள் கலியாணத்துக்கு நாள் பார்ப்போம், வீடு குடிபுக நாள் பார்ப்போம். நெஞ்சு நோவுக்கு நாள் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.

அப்போது அவள் கேட்டாள். "மாமி, அப்பா உங்களுக்கு ஏதும் சொன்னவரோ? நோகுது எண்டு?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

ராசன், இனி நான் எழுதப்போவது போன ஞாயிறுவரை நமக்கிரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இனி ஆர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

நீ சாவதற்கு இரண்டு நாள் முந்தி என்னோடு கதைத்தாய். "நெஞ்சுக்க ஒரு இறுக்கம் அக்கா. வேலை முடிஞ்சு வரேக்க கூடுது" என்றாய். டொக்டரிடம் போனாயா என்று கேட்டேன். "முதலாந்திகதி வரட்டும் அக்கா. வந்தோடன போறன்" என்றாய். எனக்கு முன்னாலும் அதே கலண்டர்தான் தொங்கியது. எட்டிப் பார்த்தேன். அந்தக் கிழமை அட்டமி, நவமி. அது கழிய உன் நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம். நீயும் அதைப் பார்த்துத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். அமெரிக்கா போயும் பழசை மறக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு!

"ஓமடா, அதுதான் சரி. இந்தக் கிழமை ஒண்டும் உனக்குச் சரியில்லை. முதலாந்திகதி நல்ல நாள். அதுவரைக்கும் உள்ளிப்பூண்டைச் சுட்டுச் சாப்பிடு, வாய்வு எண்டால் போயிடும்" என்றேன்.

நீ சிரித்தாய். "சரி அக்கா" என்றாய். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று தெரிந்து, விளக்கம் சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று விட்டாயா? அல்லது நானும் சரி என்று சொன்னதில் உனக்கு ஒரு ஆறுதலா? இதைத்தான் ஒன்பது மாதமாக உன்னிடம் கேட்கிறேன். முதலாம் திகதி ஏன் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். உனக்கு என்னிடம் பொய் சொல்ல வராது. நான் கத்தியிருப்பேன், வாணிக்கு அந்த நிமிடமே போன் எடுத்திருப்பேன்.

போன மாதம் எனக்குத் தலைசுற்று வந்தது. பஸ் ஏறி ஊர்காவற்றுறை அரசாங்க ஆசுபத்திரிக்குப் போனேன். வரிசை நீளம்தான், இருக்க வாங்கிலும் இடமில்லை. ஆனால் எங்கே வேலை, எப்போது சேர்ந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வயது என்ன அம்மா, என்ன செய்யுது என்று கேட்டு மருந்து தந்தார்கள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் அழுதேன். பக்கத்தில் இருந்த பிள்ளை ஏதோ பெரிய வருத்தம் என்று நினைத்துத் தண்ணீர் தந்தது.

இங்கே எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வாசலில் உனக்கு நடந்ததற்கு இன்றைக்கும் பதில் சொல்ல ஆளில்லை. உனக்குத் தேவைப்பட்ட இரண்டும், பயமில்லாத வாசலும் மருந்தும், ஏன் ஒரே நாட்டில் இல்லாமல் போயின? இது பேராசையா, ராசன்? சொல்லேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாணி போன் எடுத்தாள். பேசப்போவதை எழுதி வைத்திருந்தாள். எனக்காகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அதில் ஒரு வரி: "என்ர அப்பா ஒருத்தருக்கும் சொல்லாமல், தனிய, அந்தத் திகதிக்காகப் பாத்துக்கொண்டிருந்தவர்."

வாசித்துவிட்டு, "இது சரிதானே மாமி? அங்க பொய் சொல்லக்கூடாது" என்றாள்.

சரி என்றால் அதோடு முடிந்தது. அவள் போய்ப் பேசுவாள், கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், நான் இங்கே நல்ல மாமியாகவே இருந்து சாவேன். எனக்கென்று மிஞ்சியிருக்கிற உன்னுடைய ஒரே பிள்ளை அவள். அவளையும் இழந்தால் எனக்கு ஆர்?

"சரியில்லைப் பிள்ளை. எனக்குச் சொன்னவன்" என்றேன். உள்ளி சுடச் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஏன் மாமி இல்லை எண்டனீங்கள்? நான் கேட்டனான்தானே?" என்றாள். கேட்ட கையோடு போனை வைத்துவிட்டாள்.

திங்கள் எடுக்கவில்லை, செவ்வாய் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, பயம். உன் மனைவிக்கு எடுத்தேன். வாணி வேலைக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் மச்சாள் சொன்னா. சமைத்ததை நாய்க்குப் போட்டேன்.

இன்று காலை எடுத்தாள். எப்படி இருக்கிறீங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "மாத்தி எழுதியிருக்கிறன். கேளுங்கோ" என்று வாசித்தாள்.

"என்ர அப்பா தன்ர அக்காவுக்குச் சொன்னவர். அவர் நல்லநாள் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு அவா நினைச்சிட்டா. எங்கட ஊரில அப்பிடிப் பாக்கிறது வழக்கம். ஆனா அந்தத் திகதியைக் குறிச்சது அப்பாவும் இல்லை, அவாவும் இல்லை. குறிச்சது கம்பனி. அனுமதிச்சது இந்தச் சபை. அவாவில பிழையில்லை."

எனக்குத் தாங்க முடியவில்லை. "அந்தக் கடைசி வரியை வெட்டு பிள்ளை. பிழை இருக்கு. நான் கேட்டிருக்க வேணும்" என்றேன்.

"மாமி, அந்த மூண்டு நிமிசமும் என்ர. அதில நான் என்ன சொல்லுறது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேலாது. நீங்களும் சொல்லேலாது."

உன் மகள்தான், சந்தேகமே இல்லை. அழுதுகொண்டே அதட்டுகிறாள்.

நாளைக்கு அவள் பேசும்போது இங்கே பின்னேரமாகியிருக்கும். அந்தச் சட்டம் வருமோ வராதோ எனக்குத் தெரியாது. கம்பனிக்காரரும் வருவார்கள், கோட்டுப் போட்டவர்கள், அவர்களுக்கும் மூன்று நிமிடம் உண்டாம். மற்ற நாளில் அவர்கள் அந்தச் சபைக்காரரோடு இருந்து சாப்பிடுகிறவர்கள் என்று வாணியே சொல்கிறாள். ஆனாலும் உன் பெயர் அந்த மண்டபத்தில் ஒருதரம் சத்தமாகக் கேட்கும். அதைப் போனில் கேட்கத்தான் நான் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், ராசன். இனி இந்த ஊரிலோ எந்த ஊரிலோ, ஆராவது என்னிடம் நோகுது என்று சொன்னால், நாளையும் பார்க்க மாட்டேன், கோளையும் பார்க்க மாட்டேன். ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பேன். பதில் வரும்வரை போனை வைக்க மாட்டேன்.

அன்றைக்கு உன்னைக் கேட்காமல் விட்ட,
உன் அக்கா.
நாரந்தனை.