வரிசையின் அடியில்

மார்ச் 4

அன்புள்ள வாலு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் பத்திரிகையே போட்டுவிட்டதே, தனியாக விசாரிப்பானேன்? போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால்தான் காகிதம்.

அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, தபால்காரரிலிருந்து மாடிவீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் காட்டுகிறாள். "சின்னவ கண்டுபிடிச்சது. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எல்லாம் இனிமே அவ சொல்ற வரிசையிலதான் பார்ப்பாங்களாம்" என்கிறாள். பிறகு பக்கத்தில் நிற்கும் என்னைக் காட்டி, "இவளும் அதே வேலைதான்" என்கிறாள். அந்த 'உம்' இருக்கிறதே, சுருக்கென்று தைக்கிறது.

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கும் உன் வரிசை வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் எது முதலில் எடுக்கப்பட்டதோ அது முதலில் வரும். நான் சீக்கிரமே போய், சிக்கலான தலை ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுத எடுத்துக்கொள்வேன். இப்போது கம்ப்யூட்டர் எதைச் சந்தேகப்படுகிறதோ அது மேலே ஏறுகிறது. எந்தப் படம் எந்த டாக்டருக்கு என்பதையும் அதுவே பிரிக்கிறது. தலையெல்லாம் எதிர் மேஜைக் கண்ணாடிக்காரருக்கு. எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே, முட்டி எக்ஸ்ரே, மறுபடி நெஞ்சு. இத்தனை வருஷ அனுபவம் முட்டியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

உன்னை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. வயிறும் எரிகிறது. இரண்டையும் ஒரே கவரில் போட்டு அனுப்புகிறேன்.

அக்கா

மார்ச் 12

என் பிரியமான அக்காவுக்கு,

முட்டியைப் படித்துச் சிரித்தேன். வயிறு எரிகிறது என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் தலை ஸ்கேனுக்கென்றே தனியாகப் படித்தவர். உங்கள் ஊரில் மூளையில் ரத்தக்கசிவோடு வந்த ஒருவரின் படம் உடனே மேலே ஏறி, ஆள் பிழைத்துக்கொண்டாராம். உங்கள் தலைமை டாக்டர் சொன்னார். பழைய வரிசையாக இருந்தால் அவர் முறை வருவதற்குள் கதை முடிந்திருக்கும். நெஞ்சுப் படம் உனக்குத் தண்டனை இல்லை, அக்கா. நிழலுக்குள் இருக்கும் நிழலைப் பிரித்துப் பார்க்க உன்னைப்போல் யாருக்கு வரும்?

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தால் முதலில் என்னிடம் சொல். ஊர் சொல்வதற்கு முன் நீ சொன்னால் தாங்கிக்கொள்வேன். அம்மாவின் மாத்திரையை மறக்காதே.

உன் வாலு

ஏப்ரல் 9

வாலு,

ஓட்டை கேட்டாயே, கிடைத்துவிட்டது.

நேற்று வேலை குறைவு. வரிசையின் அடியில் என்னதான் கிடக்கிறது என்று தோண்டினேன். தையல்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நெஞ்சு எக்ஸ்ரே. நாள்பட்ட இருமல், அவசரமில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் சந்தேகம் வரவில்லை. அவசரக்காரர்கள் வர வர, அவள் படம் இறங்கி இறங்கி மூன்று வாரமாக அடியிலேயே கிடந்திருக்கிறது. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கட்டி.

உன்னிடம் என்ன மறைப்பு? அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'மாட்டினாயா!' என்று தோன்றியது. இன்று காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படத்தைத் திரையில் போட்டேன். தலைமை டாக்டரின் முகம் சுண்டிப்போனது. கண்ணாடிக்காரர், "நானா இருந்தா தவறவிட்டிருப்பேன் மேடம்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். "சின்னவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

இப்போது தெரிந்துவிட்டது.

அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உன் கூட்டம் முடிந்த கையோடு உங்கள் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். உன் கடிதம் நேற்றுதான் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு போன் செய்திருக்கலாம்.

நீ சொன்னது சரி. தப்பு என்னுடையது. இனி நாளாக ஆக எந்தப் படமும் தானாக மேலே ஏறும். ஒரு அளவுக்கு மேல் அதை யாரும் முந்த முடியாது. மற்ற மருத்துவமனைகளிலும் அடியில் கிடப்பதையெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தலைமை டாக்டரின் முகம் இருக்கிறது. கண்ணாடிக்காரரின் பாராட்டு இருக்கிறது. அம்மா இருக்கிறாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

தங்கை

மே 20

தங்கைக்கு,

வேண்டாம் என்றாய். இருந்தும் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பெண்ணின் வார்டுக்குப் போனேன். நான் பார்த்த படத்துக்குரிய முகத்தை இதுவரை தேடிப் போனதில்லை. ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, தலையணை உறையின் பிரிந்த தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆபரேஷன். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

"முன்னாடியே பார்த்திருக்கணும்மா. மூணு வாரம் அப்படியே கெடந்துடுச்சு. எங்க தப்பு."

உன் தப்பு என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாயில் 'எங்க' என்றுதான் வந்தது.

அவள் என் கையை விட்டுவிட்டாள். "பரவாயில்ல டாக்டர்" என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தலையணை உறையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு அடியில கெடக்குறாங்க?" என்று கேட்டாள்.

மற்ற மருத்துவமனைகளிலும் அடியில் கிடப்பதைப் பார்க்கச் சொன்னாயே, அவளைப் பார்க்காமலே நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாய். படத்தைக் கண்டுபிடித்த எனக்கு அது தோன்றவே இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் பொறாமையிலேயே பெரியது இதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, மருந்து தொடர்கிறது. அடியில் கிடந்த நெஞ்சுப் படங்களைப் பார்க்க டாக்டர்கள் வேண்டும் என்று எங்கள் தலைமை டாக்டரிடம் நீ கேட்டிருந்தாய் அல்லவா? பெயர் கொடுத்தேன். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன். இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேருக்கும் அன்றன்றே சொல்லி அனுப்பிவிட்டேன். கூட்டம் எதுவும் போடவில்லை.

வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீ வேலைக்குப் போய்விடுவாய் என்றால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவைப்பாய் என்று எழுது.

எழுதாவிட்டாலும் வருவேன்.

அக்கா