பூனைத் தட்டில் தேரை

தென்காசி

அன்பு மகள் ஜாய்க்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில நாங்க ரெண்டு பேரும் இங்கன சொகமாத்தான் இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கன சொகமா இருக்கணும்னு தெனமும் ஜெபம் பண்ணுதேன். போன்ல பேசும்போது ஒங்கப்பா பக்கத்துலயே இருக்காவ, அதான் ஜெனி லீவு முடிஞ்சு மஸ்கட் திரும்பும்போது அவ கையில இதக் குடுத்து விடுதேன். சாரல் விழுது, ஐந்தருவில ஒரே கூட்டமாம், நாங்க போகல.

கடைய மூடுனதுலேர்ந்து அப்பா யாருகூடயும் சரியாப் பேசுதது இல்லன்னு ஒனக்கே தெரியும். நீ விட்டுட்டுப் போன பூனைக்கு புறவாசல்ல பாக்கெட் தீனி வச்சா கொஞ்ச நேரத்துல கொறஞ்சுரும், அடுத்த வீட்டுப் பூனைதான்னு நான் ஏசிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் பாத்தா தட்டுக்குள்ள ஒரு தேரை உக்காந்திருக்கு. அசையாதத தேரை திங்காதும்பாவ, இது தீனியில ஊர்ந்த எறும்பப் பிடிக்கப்போயி தீனியையும் சேத்து முழுங்கி ருசி கண்டிருக்கு. நான் வெரட்டப் போயி வாரியல எடுத்தேன், அப்பா விடல. அதுக்கப்புறம் தெனமும் நாற்காலி போட்டு அதப் பாத்துக்கிட்டு இருப்பாவ. எறும்பு இல்லாட்டாலும் இப்பம் தானா எடுக்கு, கண்ண மூடி மூடி முழுங்குதுன்னு அடுப்பங்கரைக்கே வந்து சொல்லுவாவ. அவிய பேசுததக் கேக்கவே எனக்கு நிறைவா இருந்துச்சு.

தட்டுல எறும்பு மொய்க்குதேன்னு போன வாரம் அவியளே எறும்புப் பொடி வாங்கி செவுத்தோரம் தூவுனாவ. பூனைய உள்ள கட்டச் சொன்னாவ. தேரைக்குத்தான் தட்டுல தீனி இருக்கே, இனி எறும்ப எதுக்குத் தேடப்போவுதுன்னு நெனச்சுட்டாவ. அது செவுத்தோரமே போயி எறும்பத் தின்னுருக்கு. மறுநாள் காலையில வாளிப் பக்கத்துல மல்லாந்து கெடந்துச்சு. பொடிதான் காரணம்னு யாரு கண்டான்னு நான் சொல்லிப் பாத்தேன். முருங்கை மூட்டுல குழி தோண்டிப் பொதச்சுட்டு, “நல்லது செய்யுதோம்னுதான் செஞ்சேன்”னு ஒரு தடவ சொன்னாவ. அதோட பேச்சு நின்னுபோச்சு. அன்னைக்கே நான் வெரட்டி விட்டிருந்தா எங்கயாவது பொழச்சுக் கெடந்திருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயில்ல அலையாத, மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு. கர்த்தர் ஒங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாராக. ஞாயித்துக்கிழமை கூப்பிடும்போது போனை அப்பாட்ட குடுக்கச் சொல்லு. செத்ததப் பத்திப் பேசாத. பூனைத் தீனிய அது எப்படித் தின்னுச்சுன்னு மட்டும் கேளு, சொல்லுவாவ.

ஜெபத்தோட,
அம்மா