மெத்தை அறைக்குள் பாடியவளுக்கு

பாலிக்சி,
ஆகஸ்ட் மாதக் கடைசி

அன்புள்ள ஓயாதவளுக்கு,

உன் அண்ணி ஜிபார்குல் எழுதுவது. அப்பாவும் அம்மாவும் சுகம். பசு சுகம். ஏரிக்காற்றுக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது. நேற்று நம் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு தகட்டைப் பிடுங்கி, பக்கத்து வீட்டு உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கடிதத்தோடு அல்மாட்டி பஸ் ஓட்டுநர் கையில் புகைபோட்ட மீனும் காய்ந்த தயிர் உருண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அல்மாட்டியில் மீன் கிடைக்காதா என்று கேட்காதே. மீன் கிடைக்கும், நம் ஏரி மீன் கிடைக்காது.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வசந்தத்தில் போனில் பேசியபோது நீ என்ன செய்தாய்? கரகோலிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது என்று சொன்னேன். "அண்ணனை அதுக்குள்ள மறந்துட்டியா அண்ணி?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், நான் போனை வாங்கினால் மட்டும் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னை முறைக்கும்.

அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் ஆல்பம்.

அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய அன்றே தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. பெண்கள் கேட்க வந்தார்கள். அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரலாமா, அதேபோல்தான் இதுவும் என்பது அவருடைய கட்சி. "எம் பொண்ணு வருஷக்கணக்கா சுமந்து பெத்திருக்கா. முதல்ல முகம் பார்க்கிற சீரை வை, அப்புறம் காதைக் குடு" என்றார். பாட்டுக்கு முகம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு புருல்சா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு தலைத்துணியை எடுத்துவந்து கொடுத்தாள்.

சத்தம் போதவில்லை என்று போனை மாவு பிசைகிற பெரிய கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்தோம். அதைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். முதல் பாட்டு பாதி ஓடியதும் புருல்சா, "என்னடி இது, பாடறாளா, தூக்கத்துல பெனாத்தறாளா?" என்றாள். "உன் காதுல மீன் செதில் அடைச்சிருக்கு, போய்க் கழுவிட்டு வா" என்றார் அம்மா. அப்பா ஒரு மூலையில் வலையைச் சரிசெய்வதுபோல் உட்கார்ந்திருந்தார். வலையில் கிழிசலே இல்லை. மூன்றாம் பாட்டு முடிந்ததும், "கோமுஸ் தந்திச் சத்தமே காணோமே, இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றார். அடுத்த மூச்சிலேயே அவரே, "சரி சரி, அடுத்ததைப் போடு" என்றார்.

ஆல்பத்துக்கு ஏன் 'ஓயாதவள்' என்று பெயர், சொந்தப் பெயர் இருக்கும்போது இதென்ன கூத்து என்று ஒருத்தி கேட்டாள். அம்மா என்னைக் கைகாட்டிவிட்டார். உனக்கு ஞாபகமிருக்கும். நான் மணப்பெண்ணாக வந்து திரைக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, நீ திரைக்கு அடியால் ஊர்ந்துவந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாய். நிறுத்தவே இல்லை. கல்யாண விருந்தே முடிந்தது, நீ முடிக்கவில்லை. புருஷன் வீட்டார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் இந்தச் சின்னவளுக்கு நீயே ஒரு பெயர் வை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை 'ஓயாதவள்'தான். எல்லோரும் சிரித்ததில் திரை அறுந்து விழுந்தது. கிண்டலுக்கு வைத்த பெயரை எடுத்து நீ இப்படி ஊரறிய மாட்டிவைப்பாய் என்று நான் கண்டேனா? அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு பாட்டிலும் எனக்கு நம் மெத்தை அறைதான் கேட்டது. என் சீர் மெத்தைகளையெல்லாம் உன் அண்ணன் அடுக்கிலிருந்து இறக்கி, நாற்காலிகளைக் கவிழ்த்துச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒன்றை மூடியாகப் போட்டு உனக்கு ஒரு பொந்து கட்டுவார். இந்த ஊர்க் காற்றில் வேறு எங்கே போய்ப் பாடிப் பதிவுசெய்வது? சந்தையில் வாங்கிய அந்தப் பழைய மைக்கைக் கட்டிக்கொண்டு நீ உள்ளே போவாய். எனக்குச் சமையலறையில் கரண்டியைத் தொடக்கூட அனுமதி கிடையாது. உன் அண்ணன் வெளியே போய் வாசற்கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். "சீர் மெத்தைக்குள்ள புள்ளையை வேகவைக்கிறீங்களா?" என்று அம்மா திட்டுவார். நீ வெளியே வரும்போது முகம் பீட்ரூட்டாக இருக்கும். தலையெல்லாம் கம்பளிப் பஞ்சு. அந்த நாட்கள் திரும்பி வருமென்றால் நான் ஆயுள் முழுக்கக் கரண்டியைத் தொடாமல் இருப்பேன்.

ஐந்தாம் பாட்டுக்கு வருகிறேன். அது முடிகிற இடத்தில், உன் குரல் இறங்கி அடங்குகிற இடத்தில், வெளியிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்கிறதே. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. லாரியை நிறுத்திவிட்டுத் தெருமுனையிலிருந்து அவர் அடிப்பது. நான் வந்துவிட்டேன், தேநீருக்குக் கெண்டியை வை என்று அர்த்தம். அன்று சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்து அடித்துத் தொலைத்தார். "அண்ணா, நல்லா வந்த பாட்டைக் கெடுத்துட்டியே!" என்று நீ தலையணையை வீசினாய். "என் சீழ்க்கை இல்லாம உன் பாட்டு எங்கயும் போகாது, பாத்துக்கோ" என்றார். நீ அதை அன்றே அழித்திருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் அது காதில் விழவில்லை. நான் எழுந்து போனேன், கெண்டியில் தண்ணீர் பிடித்தேன், அடுப்பில் வைத்தேன், விளிம்பு உடைந்த அவருடைய கிண்ணத்தை எடுத்துத் துடைத்தேன். கிண்ணம் கையில் இருக்கும்போதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. திரும்பினால் வாசற்படியில் அப்பா. தேநீர் கொதித்ததும் அந்தக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி நீட்டி, அதிலேயே ஊற்றச் சொல்லிக் குடித்தார்.

எல்லோரும் போன பிறகு கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "மருமகளா வந்தே. எம் புள்ளை போயிட்டான். நீ இங்க கெண்டி வச்சுக்கிட்டே கிழவியாகிறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. எங்க மகளா உன்னை அனுப்பி வைக்கிறோம்" என்றார். அம்மா புருல்சா கொடுத்த புதுத் தலைத்துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா இன்னொன்றும் சொன்னார். "சின்னவ சரின்னு சொல்லணும். அவளுக்குக் கூடப்பொறந்ததுன்னு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். அவ மனசு நோக நான் கையை விரிச்சு வாழ்த்த மாட்டேன்."

ஆகவே என் கல்யாணம் இப்போது உன் வாயில் இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மறக்கவில்லை. அவருடைய லாரி தோலோன் கணவாயில் பனிச்சரிவோடு போனதிலிருந்து மூன்று குளிர்காலம் நான் இந்த வீட்டைவிட்டு நகரப் பயந்தேன். அந்தச் சீழ்க்கை இந்த வாசலுக்குத்தானே வரும்? நான் வேறு வாசலில் இருந்தால் எப்படிக் கேட்கும்? பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்தப் பயம்தான் என்னைக் கட்டிப்போட்டிருந்தது. இப்போது நீ அதைப் பாட்டுக்குள் பத்திரமாக வைத்துக் கொடுத்துவிட்டாய். கரகோலிலும் கேட்கும். சந்திரனுக்குப் போனாலும் கேட்கும். என்னோடு பேசாமல் இருந்துகொண்டே நீதான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டாய், தெரியுமா?

போக எனக்கு ஆசையாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஜெனிஷ் மின்சார வேலை செய்கிறவர், மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதிகம் பேசமாட்டார். நான் உன் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தபோது பேச்சை மாற்றவில்லை. என்ன லாரி ஓட்டினார், பனியில் எந்தச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவார் என்று கேட்டுக் கேட்டு முழுவதையும் தெரிந்துகொண்டார். எனக்கு அது பிடித்தது. என் உப்புத் தேநீரில் உப்பு அதிகம் என்றும் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதுவும் பிடித்தது. இந்த வீட்டில் யாரும் இப்போது என்னைக் குறை சொல்வதில்லை, பாவம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அவருக்கும் ஒரு தங்கை இருக்கிறாளாம். அவளுக்கும் நான் ஒரு பெயர் வைக்க வேண்டும். நீ மூஞ்சியைத் தூக்காதே. சுமாரான பெயராகத்தான் இருக்கும், நல்லது ஏற்கெனவே செலவாகிவிட்டது.

இனி என் குறையைக் கேள். பெண்ணை அனுப்பும்போது அண்ணிதானே கூட வண்டியில் போக வேண்டும், பிரிவுப் பாட்டுப் பாட வேண்டும். இந்த வீட்டில் அண்ணி என்று இருப்பவள் நான் ஒருத்திதான். என்னை நானே எப்படிக் கொண்டுபோய் விடுவது? புருல்சா நான் பாடுகிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறாள். அவள் பாடினால் மாப்பிள்ளை வீட்டு நாய்கள்கூட ஊரைவிட்டுப் போய்விடும். முறை தலைகீழானாலும் பரவாயில்லை, நீ வா. என் பக்கத்தில் உட்கார்ந்து வா. வேண்டுமானால் அந்த ஆல்பத்தில் பாடியதுபோல் முணுமுணுத்துக்கொண்டே வா. மெத்தைகள் என்னோடு வண்டியில் வரும். நீ வாயை வைத்துப் பாடிப் பாடி நிறம் போன அந்தச் சிவப்புக் கோடு போட்ட மெத்தை மட்டும் உனக்கு. நீ பாடுகிற அறையின் சுவரில் மாட்டிக்கொள்.

மகளாகப் போவதால் இனி உங்கள் எல்லோருடைய பெயரையும் நான் சொல்லலாமாம். அப்பாவே சொன்னார். கொட்டகைக்குப் போய்ப் பசுவிடம் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், ஷர்ஷென்பெக் என்று. பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்குத்தான் வியர்த்துக்கொட்டியது. பிறகு வெளியே வந்து ஏரிப் பக்கம் திரும்பி நின்று, உன் அண்ணன் பெயரை ஒரே ஒரு தரம் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. காற்று கொண்டுபோய்விட்டது.

உன் பெயர் மட்டும் பாக்கி. இந்தக் கடிதத்தின் தலைப்பில் எழுதலாம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எழுதினால் அன்றோடு நான் உனக்கு அக்காவாகிவிடுவேன். எனக்கு அந்த உறவு வேண்டாம். எந்த வீட்டுக்குப் போனாலும் உனக்கு அண்ணியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அதற்கு நீ சம்மதித்தால் போதும்.

இரண்டு கையையும் விரித்து வாழ்த்துகிறேன். உன் பாட்டு நீ போகாத ஊருக்கெல்லாம் போகட்டும். உன் தொண்டையில் குளிர் ஏறாமல் இருக்கட்டும். ஊர் உன்னை எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் நீ ஓயாமல் இரு.

வரும்போது தெருமுனையில் நின்று அந்தச் சீழ்க்கையை அடி. உனக்கு அது வரும், எனக்குத் தெரியும். நான் கெண்டியை வைக்கிறேன்.

உன் அண்ணி,
ஜிபார்குல்