மாமி வாசிக்கும் கரடிக் கதை

எஸ்பியர்க், வெள்ளி இரவு

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். தம்பிக்கு மட்டும் காட்டவே வேண்டாம்.

மொன்றியல் மாமி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இரண்டு கனடாப் புத்தகங்கள் அனுப்புவார். ஒன்று ஆங்கிலம், ஒன்று பிரெஞ்சு. தம்பிக்குப் பிரெஞ்சுப் புத்தகத்துக் கரடிக்குட்டியில்தான் உயிர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. படங்களைப் பார்த்து நானே கதை கட்டினேன்: அம்மாக் கரடி இரவு வேலைக்குப் போய், விடிய மீனோடு வரும். அம்மா முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்குப் போகும் நாட்களில் அதைக் கேட்டுத்தான் அவன் அழாமல் தூங்குகிறான்.

இன்று மாமியே வந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போனதும், "இண்டைக்கு நான் வாசிக்கிறன்" என்று புத்தகத்தோடு அவனுடைய அறைக்குப் போனார். நான் அதே கதையை இணையத்தில் தேடி, ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். கதையில் அம்மாவே இல்லை. பெரிய கரடி பக்கத்து வீட்டுக்காரராம். இனி நான் சொல்லும் எதையும் தம்பி நம்பமாட்டான். விடிய அம்மா வருவார் என்பதைக்கூட.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மாமிதான்.

"பிள்ளை, நித்திரையே? நான் பிழையா வாசிக்கிறனெண்டு தம்பி சொல்லுறான். நீ வந்தால்தான் அம்மாக் கரடி வருமாம். கெதியா வா, எனக்கும் அந்தக் கதையைக் கேக்கவேணும்."