மழைக்கு முன் சொன்ன குதிரை

அக்கா,

நேற்று மாலை மகளோடு காரில் வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் எங்களுக்கு முன்னால் குதிரை ஏற்றிய ஒரு லாரி நின்றது. பின்கதவு இடுக்கின் வழியே ஈரப்புல்லும் வியர்வையும் காலுக்குத் தேய்க்கும் தைலமும் கலந்த அந்த வாசனை வந்தது. கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். "ஏம்மா, நல்ல காத்துதானே வருது?" என்று கேட்டாள். லாரிப் புகை என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. தெரியவே வேண்டாம் என்று முடிவு செய்தது நீங்கள்தான்.

ஈப்போவில் சிலிபின் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் நாம் ஒரே மேசையில் நின்றோம். காற்று ஊதிய ரப்பர் கையுறைகளைத் தடவிப் பார்த்து ஓட்டை உள்ளதைக் கழிக்கிற வேலை. அங்கேதான் முதன்முதலில் குதிரையைப் பற்றிப் பேசினீர்கள். "இதுவும் அதுவும் ஒண்ணுதான் புள்ள. ஜெயிக்கிறத தேடாத. தோக்கிறத மொதல்ல தள்ளு. மிஞ்சி நிக்கிறதுதான் நம்ம குதிரை."

உங்கள் கணவர் ஈப்போ பந்தயத் திடலின் லாயத்தில் குதிரைகளைக் கவனித்துக்கொண்டவர். லாயத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில்தான் உங்கள் கல்யாண வாழ்க்கை முழுக்கக் கழிந்தது. அவர் போன பிறகு அந்த வீடும் போயிற்று. பந்தய நாள் மட்டும் மிஞ்சியது. என்னை ஏன் கூட்டிப் போனீர்கள் என்றால், பந்தயப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசிப்பேன்: கடைசி ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு எடை சுமக்கிறது, எந்தக் கதவிலிருந்து புறப்படுகிறது. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே, "தள்ளு... தள்ளு... அத வெச்சுக்க" என்பீர்கள். பிறகு ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அங்கே புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவீர்கள். பின்னங்கால் தயங்காமல் நீள வேண்டும். ஓடுவதற்கு முன்பே தொடை நுரைத்து வியர்த்தால், "அது இங்கேயே ஓடி முடிச்சிடுச்சு." காய்ந்த தரைக்குச் சின்னக் குளம்பு. மழைத் தரைக்கு அகலக் குளம்பு.

நீங்கள் பெரிதாகப் பணம் கட்டியதில்லை. சொன்னது வந்தால் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஆனால் ஊர் விடவில்லை. முதலில் கேன்டீன் பெண்கள் கேட்டார்கள். பிறகு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா, அதன் பிறகு அவருடைய வாட்ஸ்அப் குழு. சித்தியவானிலும் கமுந்திங்கிலும் உள்ள முன்பின் தெரியாதவர்கள்கூட "அக்கா என்ன சொன்னாங்க?" என்று காத்திருந்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்குத்தான் அப்போதே பிடிக்கவில்லை.

அந்த ஆள் வந்தது ஒரு புதன்கிழமை. தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் கோப்பிக்கடையில் நாம் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, சிரித்த முகம். கேட்காமலே எதிரே உட்கார்ந்தான்.

"அம்மா, வர்ற சனிக்கிழம அஞ்சாவது ரேஸ்ல மூணாம் நம்பர் ஜெயிக்கும்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"அது ஜெயிக்காதே தம்பி."

"அதான்மா சொல்லச் சொல்றோம்."

அவன் திருட்டுத்தனமாகப் பந்தயம் பிடிக்கும் ஒரு புக்கியின் ஆள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களை நம்பி எல்லாரும் தோற்கிற குதிரையில் கட்டினால், கட்டியதெல்லாம் அவர்களுக்கு. நீங்கள் முடியாது என்று தலையை அசைத்தீர்கள். அவன் உங்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஒங்க வீடு கோயிலுக்குப் பின்னாடி தானே? மக டியூசன் முடிஞ்சி அந்தச் சந்து வழியா நடந்துதான் வருது. இருட்டான சந்துலா அது. ஜாக்கிரத."

நம் இருவரின் தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த மூன்று நாட்களும் மகளைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டேன், நானே கூட்டிவந்தேன். எந்த மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலும் அவள் கையை இறுகப் பிடித்தேன். போலீசுக்குப் போகலாமா என்று உங்களைக் கேட்டேன். "பேரே தெரியாத ஆளப் பத்தி என்னன்னு சொல்றது? அதுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சிட்டா?" என்றீர்கள். கழிவறை ஓரத்தில் நின்று அழுதேன். "சொல்லிடுங்கக்கா. ஒரு நம்பர் தானே?" நீங்கள் கையில் இருந்த நல்ல கையுறையைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினீர்கள்.

சனிக்கிழமை அவன் நமக்கு முன்பே வந்திருந்தான். வளையத்துக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டு நின்றான். ஐந்தாவது ஓட்டத்துக்கான குதிரைகள் வந்தன. மூன்றாம் எண் ஒரு பெரிய செம்பட்டைக் குதிரை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எருமை மாதிரி நடந்தது. புத்தகத்தை வாசித்தபோதே நீங்கள் தள்ளிவிட்ட குதிரைதான். ஜாகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அஞ்சாவதுல எது?"

உங்கள் கை கம்பியை விடவில்லை. நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள், வளையத்தைப் பார்த்தீர்கள், கடைசியில் என்னைப் பார்த்தீர்கள்.

"மூணு."

"மூணா? அது எப்பவும் கடைசியில வர்றது ஆச்சே!"

"மூணுதான். போ."

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எதிர்ப்பக்கம் அவன் தலையை மெல்ல அசைத்தான்.

குதிரைகள் புறப்படும் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே மழை வந்தது. ஈப்போ மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. எதிரே இருந்த சுண்ணாம்புக் குன்றுகள் மறைந்தன. புல்தரை சேறானது. ஓட்டத்தை நிறுத்தவில்லை. கதவு திறந்தது. முதல் வளைவில் மூன்றாம் எண் கடைசியில்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் சிறு குளம்புக் குதிரைகள் வழுக்கித் திணறத் தொடங்கின. உங்கள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

"ஐயோ, அது வருது புள்ள."

செம்பட்டைக் குதிரை வெளிப்பக்கமாக வந்தது. அகலக் குளம்புகளால் சேற்றை மிதித்துத் தள்ளிக்கொண்டே மற்றக் குதிரைகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. கூட்டம் முழுக்க "மூணு! மூணு!" என்று கத்தியது. அத்தனை பேரில், அவனைத் தவிர, அது தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் நாம் இருவர் மட்டும்தான். "விழுந்துடு, விழுந்துடு" என்று நான் வாய்விட்டே சொன்னேன். அது விழவில்லை. ஜெயித்தது.

ஜாகா உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். யாரோ உங்களைத் தூக்கப் பார்த்தார்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது. எதிரே அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

லாயத்துப் பின்வழி உங்களுக்குத் தெரிந்திருந்ததால் தப்பினோம். மகளை டியூசனிலிருந்து பாதியில் அழைத்துக்கொண்டு, சித்தியவானில் உங்கள் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினோம். கோயில் திருவிழா என்று மகளிடம் சொன்னீர்கள். நீங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, அந்த மர வரிசைகளுக்கு நடுவே தனித்து நின்ற வீடு அது. காய்ந்த மட்டை விழுந்தாலும் எழுந்து நின்றோம். நீங்கள் பகலெல்லாம் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு, மடியில் பாராங் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மகள் கேட்டதற்குத் தேங்காய் உரிக்க என்றீர்கள். அவள் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்துக்கொண்டே உரித்துக் கொடுத்தீர்கள்.

யாரும் வரவில்லை. விடுப்பு தீர்ந்து வேலைக்குத் திரும்பினோம். ஒருநாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அவன் நின்றிருந்தான். நீங்கள் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போனீர்கள். அவனுடைய வலது கை முழுக்கத் தடித்த வெள்ளைக் கட்டு. சட்டை கசங்கியிருந்தது. பேசும்போது நம்மைப் பார்க்கவில்லை, சாலையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னபடிதான் நீங்க சொன்னீங்க. மழைய நான் எப்படிம்மா கேக்க முடியும்? ஆனா அவுங்க என்னைக் கேட்டாங்க." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "ஒரே ஒரு குதிரை சொல்லுங்கம்மா. ஜெயிக்கிறதா ஒண்ணு. அப்பதான் என்னை விடுவாங்க."

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டீர்கள்.

"கமுந்திங்ல."

"இப்பவே பஸ் ஏறு. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடு. எந்தக் குதிரையும் ஒன்ன காப்பாத்தாது தம்பி."

அவன் அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. அதன் பிறகு நீங்கள் பந்தயத் திடல் பக்கம் போகவில்லை. கேட்டவர்களிடம் "மறந்துட்டேன்லா" என்றீர்கள். கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டார்கள், அப்புறம் அவர்களும் மறந்துவிட்டார்கள்.

சிறுநீரகம் கெட்டு நீங்கள் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடந்த ஒரு காலையில்தான் உங்களிடம் கேட்டேன். "அன்னிக்கு மழை வரும்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

ரத்தம் குழாயில் சுற்றிவருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "மேகத்தப் பாத்தேன். கொளம்பையும் பாத்தேன். தோத்தா ஒன் மக பொழைப்பா. ஜெயிச்சா என்னை நம்புன ஜனம் பொழைக்கும். ரெண்டுல ஒண்ணாச்சும் கெடைக்கட்டும்னு சொன்னேன். ஆனா அது ஜெயிச்சி வந்தப்ப, ஒன் மக மொகந்தான் புள்ள கண்ணு முன்னால வந்துச்சி."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா என்று தெரியவில்லை. நாக்கு நுனிவரை இன்னொரு கேள்வி வந்தது. கேட்காமல் விட்டேன். சில வாரங்களில் நீங்களும் போய்விட்டீர்கள்.

வானம் தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், அக்கா? நம்பி நின்ற அத்தனை பேரையும் கைவிட்டிருப்பீர்களா, என் மகளையா? மகள் வர நேரமாகும் ஒவ்வொரு மாலையும் இந்தக் கேள்வி என்னோடு வாசலில் வந்து நிற்கிறது. எந்தப் பதிலாக இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பதிலாக இருந்தாலும் நீங்கள் என் அக்காதான்.